டெல்டா கிராமத் தொடக்கப் பள்ளியில் ஆண்டு நிறைவும் கோடை விடுமுறையும்: புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு முதல் நியமனத்திலோ மாறுதலிலோ வந்து சேர்ந்து, அங்கே தம் முதல் ஏப்ரல் மாதத்தை எதிர்கொள்ளும் ஆசிரியர்களுக்காக இது எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது ஈராசிரியர் பள்ளியாகவே இருக்கும். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ சென்றுவிட்டால் ஐந்து வகுப்புகளும் உங்கள் கையில்தான். தேர்வு, ஆண்டு விழா, மாற்றுச் சான்றிதழ், புதிய சேர்க்கை, பெற்றோருக்கான அறிவிப்பு, விடுமுறைத் திட்டம் எல்லாம் ஆறேழு வாரங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இவற்றுள் விழாதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஏப்ரலில் நம் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை ஜூனில் ஏதாவது ஒரு பள்ளியில் இருக்கிறதா என்று உறுதி செய்வதே இந்த வாரங்களின் முதல் வேலை. ஆகவே வேலைகளை அந்த முக்கியத்துவத்தை ஒட்டியே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதற்கு முன்

துறையின் நாட்காட்டி உங்களுக்குத் தெரியும். 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்ததிலிருந்து, ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவம் ஏப்ரல் தேர்வோடு முடிகிறது. மே மாதம் முழுவதும் விடுமுறை, ஜூனில் திறப்பு. திறக்கும் நாள் மட்டும் வெயிலைப் பொறுத்து நகரும்: தொடக்க வகுப்புகளுக்கு 2023இல் ஜூன் 14, 2024இல் ஜூன் 10, 2025இல் ஜூன் 2 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று விதமாக அமைந்தது. எனவே ஏப்ரலில் அச்சடிக்கும் எந்தத் தாளிலும் திறப்பு நாளை முடிந்த முடிவாகப் போடாதீர்கள்.

இந்த நாட்காட்டியோடு ஊரின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகிவிடும். அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்கு இடையில், மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அவை பங்குனியில் முற்றும். வெயில் ஏறினால் நெற்று வெடித்துச் சிதறும் என்பதால், இருட்டு விலகுவதற்குள் பெண்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தால், வருவது திண்ணையில் இருக்கும் ஒன்றிரண்டு தாத்தாக்கள் மட்டும்தான். அதே கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றிப் பாருங்கள். களைப்போடு வந்தாலும் அம்மாக்கள் வருவார்கள், ஆறு மணிக்குள் விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள்.

திருவிழாக்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும் வரை ஊர் முழுக்க வேறு நினைப்பு இருக்காது. திருவாரூர் மாவட்டத்தில் ஆழித்தேருக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அது 2024இல் மார்ச் 21 அன்றும், 2025இல் ஏப்ரல் 7 அன்றும் ஓடியது. அதாவது சில ஆண்டுகளில் தேர்வை ஒட்டியே வரும். கோயில் நிர்வாகத்திடமும் உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடமும் ஒரு முறை கேட்டுவிட்டு நாள் குறிப்பது பின்னால் பெரிய அலைச்சலைத் தவிர்க்கும்.

ஐந்தாம் வகுப்பு: முதலில் தொடங்க வேண்டிய வேலை

பிப்ரவரி இறுதியிலேயே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து செய்திகள் வேண்டும்: அடுத்து எந்தப் பள்ளி, அந்தப் பள்ளிக்கு எப்படிப் போகும், பெற்றோரில் யாருடைய தொலைபேசி எப்போதும் எடுக்கப்படும், ஆவணங்களில் பெயர் ஒத்திருக்கிறதா, கோடையில் குடும்பம் ஊரில் இருக்குமா.

கடைசிக் கேள்வி வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விளங்காது. உளுந்து எடுத்து முடித்தால் குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை இங்கே விவசாய வேலை குறைவு. அந்த இடைவெளியில் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலை தேடிப் போகும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவார்கள். ஜூனில் திரும்பினால் நல்லது. அங்கேயே தங்கிவிட்டால், ஐந்து முடித்து ஆறில் சேராத பிள்ளையாக அது நழுவிவிடும். போகுமிடத்தின் பெயரையும், அங்கே இருக்கும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் ஏப்ரலிலேயே வாங்கி வைத்தால், ஜூனில் தேடுவதற்கு ஒரு நூல் நுனியாவது கையில் இருக்கும்.

ஆவணங்களில் பெயர் ஒத்திருக்கிறதா என்ற வேலையை அலட்சியமாக விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் கார்த்திகாதேவி, ஆதாரில் கார்த்திகா, நம் சேர்க்கைப் பதிவேட்டில் முன்னெழுத்தோடு வேறொரு எழுத்துக்கூட்டல் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் இருப்பது சாதாரணம். மாற்றுச் சான்றிதழில் நாம் எழுதுவதே உயர்நிலைப் பள்ளிக்கும், பிறகு பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் போகிறது. அப்போது திருத்துவதற்கு ஆகும் அலைச்சலை அனுபவித்த பெற்றோர் ஒருவரைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள், உங்கள் பேச்சைவிட அது நன்றாக ஏறும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே சேர்க்கப்படாமல் இருந்தால், பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சேர்க்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வேண்டியவர்களை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஜூனில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டத்தோடு போட்டியிட வேண்டிவரும்.

அடுத்த பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை. ஆனால் தேர்வதற்குத் தேவையான செய்திகளைச் சொல்வது நம் கடமை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே வகுப்புகளை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இந்த உதவித் தொகைக்குள் வந்துவிட்டார்கள். கவனிக்க வேண்டியது, கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது என்பது. ‘நாலு வருஷம் பிரைவேட்ல போட்டுட்டு அப்புறம் கவர்மென்டுக்கு மாத்திக்கலாம்’ என்று நினைக்கும் அப்பாவுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாற்றுச் சான்றிதழைக் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 5ஆம் பிரிவில், தலைமையாசிரியர் அதை உடனே வழங்க வேண்டும் என்றும், சான்றிதழ் வர நேரமாகிறது என்பதைக் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. தாளைக் கொடுத்துவிட்டு, மாணவர் விவரங்களைத் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் அந்தப் பெயரை விடுவிக்க மறந்துவிடும் பள்ளிகள் இருக்கின்றன. பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகாத வரை அடுத்த பள்ளியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் மட்டும் நம் பள்ளியில் தொங்கிக்கொண்டிருக்கும். சான்றிதழில் கையெழுத்துப் போடும் அன்றே அதையும் முடித்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். குறுவை நாற்றங்காலும் நடவும் ஜூன், ஜூலையில் வருகின்றன. அம்மா நடவுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பெண்ணைத்தான் நிறுத்துவார்கள், ‘ஒரு வாரம்தான் டீச்சர்’ என்று. புதிய பள்ளியின் முதல் வாரத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு அங்கே தோழியும் இல்லை, இடமும் இல்லை; அந்த ஒரு வாரம் நீண்டுவிடும். இரண்டு வயது முடிந்த தம்பி தங்கையை அங்கன்வாடியில் விடலாம் என்பதை அம்மாவிடமும், இப்படி ஒரு வீடு இருக்கிறது என்பதை அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஏப்ரலிலேயே சொல்லி வையுங்கள். பள்ளி தூரமென்றால் காலைப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, தவறினால் அடுத்தது எப்போது என்று நீங்களே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொல்வது பயன்படும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், முதல் சில நாள் அம்மாவோ பாட்டியோ கூடவே போய்வரச் செலவில்லை.

தேர்வு முடிவைச் சொல்லும் விதம்

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆனாலும் ‘பாஸா, ஃபெயிலா’ என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். ‘எல்லாரும் பாஸ்’ என்று சிரித்து அனுப்பிவிடுவது எளிது. அப்படி அனுப்பினால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையின் அம்மாவுக்கு அது தெரியாமலே போய்விடும்.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைக் காட்ட அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றையும் பெயரளவில் சொல்லிவிட்டு விடாதீர்கள். பிள்ளையின் கையில் பாடநூலைக் கொடுத்து அம்மாவின் முன்னால் நான்கு வரி படிக்கச் சொல்லுங்கள். கையில் உள்ள பணத்தில் இருபது ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்கள். எழுத்துத் தெரியாத தாயும் இதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மற்ற பிள்ளைகள் இல்லாத நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். எந்த நிலையிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒப்பிட்டால் அன்று இரவு அந்த வீட்டில் அடி விழும்.

ஆண்டு நிறைவு அறிவிப்பு எழுதுதல்

பெற்றோருக்குப் போகும் அறிவிப்பு ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அலுவலக நடையில் ‘மேற்படி’, ‘இதன்மூலம்’ என்று எழுதினால் ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள். முதலில் பிள்ளைகளைப் பற்றிய செய்தி, அடுத்து பெற்றோர் செய்ய வேண்டியது, கடைசியில் நாட்கள் என்ற வரிசை நல்லது. ஒரு மாதிரி:

‘அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். நம் பள்ளியில் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் ஒன்பது பேர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது கதைப் புத்தகத்தைத் தாங்களாகவே படிக்கிறார்கள். மாலையில் வீட்டில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளித் தோட்டத்தில் வைத்த முருங்கை காய்த்துச் சத்துணவுக்குப் பயன்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் அடுத்த பள்ளியின் பெயரை ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் தெரிவித்தால், கடைசி வேலை நாளன்றே மாற்றுச் சான்றிதழ் தரப்படும். பிள்ளைகளிடம் உள்ள நூலகப் புத்தகங்கள் கோடைக்கும் அவர்களிடமே இருக்கட்டும், ஜூனில் கொண்டுவந்தால் போதும். பள்ளி திறக்கும் நாள் அறிவிக்கப்பட்டவுடன் தெரிவிப்போம்.’

இதில் யார் பெயரையும் முதலிடம், இரண்டாமிடம் என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளின் படங்களைப் போடுவதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தாள் போகாத வீடுகளுக்கு வாட்ஸ்அப் போகும், வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்குப் பால் சொசைட்டி வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டிய தாள் போகும். கோயில் மைக்கில் சொல்லக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரே செய்தி மூன்று வழியில் போனாலும் தவறில்லை.

பள்ளிக்கு வேண்டியவற்றை, அதாவது சுற்றுச்சுவர், கழிப்பறைத் தண்ணீர், சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவற்றை இந்த அறிவிப்பில் கலக்காதீர்கள். அவற்றுக்கு இடம் கிராம சபை. மார்ச் 22, மே 1 ஆகிய இரண்டு நாட்களும் இந்தப் பருவத்திலேயே வருகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் கூட்டத்தில் போட்ட தீர்மானத்தின் நகலோடு ஒரு தாய் கிராம சபையில் எழுந்து கேட்டால், ஆசிரியர் கேட்பதைவிட விரைவாக நடக்கும்.

ஆண்டு விழா

விழாவைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஊரே சேர்ந்து நடத்திக்கொள்ளும். நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டிய இடங்கள் சில மட்டும் உண்டு.

முதலாவது, மரியாதை. யாருக்கு முதலில் பொன்னாடை, யாருக்கு முன்வரிசை நாற்காலி, எந்தத் தெருக்காரர் மேடையில் என்பவற்றை வைத்து விழாவே நின்றுபோன ஊர்கள் உண்டு. புதிதாக வந்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் வேண்டாம். யாருக்கும் பொன்னாடை இல்லை, தலைமை தாங்குவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், வரவேற்புரையும் நன்றியுரையும் அவர்களே என்று மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கலந்து நிற்கும்படி குழு பிரியுங்கள். ஒரு கும்மிக்குள் ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அது உடனே தெரியும்.

இரண்டாவது, பந்தல். கீற்றுப் பந்தல் குளிர்ச்சியாக இருக்கும் என்று அன்போடு போட்டுத்தர வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்தப் பகுதியில் அதை நினைவுபடுத்தினால் யாரும் மேற்கொண்டு வாதிட மாட்டார்கள். வெயில் தாழ்ந்த பிறகு திறந்த வெளியிலேயே நடத்தலாம். சீரியல் பல்பு ஒயர்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் போகட்டும்.

மூன்றாவது, பணம். பிள்ளைகளிடமிருந்து எதற்கும் வசூலிக்கக் கூடாது. முன்னாள் மாணவர்களோ ஊர்ப் பெரியவர்களோ உதவ விரும்பினால், பணமாக உங்கள் கையில் வாங்காமல், பொருளாக வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பரிசு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். எவர்சில்வர் தட்டு கொடுப்பது இங்கே வழக்கம், அம்மாக்களுக்கும் அதுதான் பிடிக்கும். என்னைக் கேட்டால் ஒரு கதைப் புத்தகமும் வண்ணப் பென்சில் பெட்டியும் மேல், ஏனென்றால் தட்டு அன்றே சமையலறைக்குப் போய்விடும், புத்தகம் கோடை முழுக்கப் பிள்ளையிடம் இருக்கும்.

புதிய சேர்க்கை

2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1 அன்றே தொடங்கியது; தனியார் பள்ளி வேன்கள் ஊருக்குள் வருவதற்கு முன் நாம் வீடுகளுக்குப் போய்விட வேண்டும் என்பதே நோக்கம். ஐந்து வயது நிறையும் பிள்ளைகளின் பட்டியல் அங்கன்வாடியில் இருக்கும். வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆதலால் முதலில் சேர்த்துவிட்டு, சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும்போது துண்டுப் பிரசுரத்தோடு நம் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் அதன் அம்மாவோடு அழைத்துச் சென்றால், அது படித்துக்காட்டுவதே போதும்.

கோடைக்கு என்ன சொல்லி அனுப்புவது

விடுமுறை என்றதும் வீட்டுப்பாடத்தை நினைக்க வேண்டாம். நகலெடுத்து எழுதிவரச் சொன்ன நோட்டுகள் ஜூன் முதல் வாரத்தில் அக்காவின் கையெழுத்தில் வரும், அவ்வளவுதான். உயிரைக் காக்கும் செய்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், படிப்பு அதற்குப் பின்னால்.

ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வறண்டு கிடக்கும். வறண்ட ஆற்றில் மணல் எடுத்த குழிகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் அளவு போலத் தெரியும், உள்ளே ஆள் ஆழம் இருக்கும். கொள்ளிடக் கரை ஊர்களில் இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இதே மாதங்களில் வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். போன ஆண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று குளித்த அதே படித்துறையில், தூர்வாரிய பிறகு ஆழம் கூடியிருக்கும், கரையும் செங்குத்தாகியிருக்கும். பிள்ளைக்குப் பழைய ஆழம்தான் நினைவில் இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

பிறகு தண்ணீர் வரும். மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த மூன்று நான்கு நாட்களில் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். கடைமடைக்கு வந்து சேர மேலும் பல நாட்கள் ஆகும். இந்த நாளும் மாறக்கூடியதே: 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். விடுமுறையின் நடுவிலேயே தண்ணீர் வந்துவிடக்கூடும். ஊரே கரையில் நின்று பூத்தூவும் நாளில் பிள்ளைகள் தண்ணீரோடு ஓடிவரத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் இறங்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். யாராவது தத்தளித்தால் கூடக் குதிக்கக் கூடாது. கத்திக் கூப்பிட வேண்டும், வேட்டியோ புடவையோ மூங்கில் கழியோ நீட்ட வேண்டும், காலிக் குடத்தை வீச வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது. பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து மற்றவர்களை உண்மையாகவே புடவையை வீசி இழுக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். நீச்சல் தெரிந்த தாத்தாவோ மாமாவோ உள்ள பிள்ளைகள் இந்தக் கோடையில் கற்றுக்கொள்ளட்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வதும் நம் வேலைதான்.

இன்னொன்று சாப்பாடு. காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் டெல்டாவின் திருக்குவளையில் தொடங்கிவைக்கப்பட்டபோதுதான். காலையும் மதியமும் பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்கு விடுமுறை என்றால் இரண்டு வேளைச் சாப்பாடு நிற்கிறது என்று பொருள்; அதுவும் வீட்டில் வேலை குறைவான மாதத்தில். எந்தெந்த வீடுகளில் இது இடிக்கும் என்பது சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் நன்றாகத் தெரியும். அந்தப் பெயர்களை மேலாண்மைக் குழுவில் வெளிப்படையாகப் படிக்காமல், பொறுப்பான இரண்டு பேரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயர் சேராத வீடாக இருந்தால் அதைச் சேர்க்க உதவுங்கள்.

படிப்புக்கு வருவோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைப் புத்தகங்களும், ஊஞ்சல் சிறுவர் இதழ்களும் அலமாரியில் பூட்டிக் கிடப்பதைவிடப் பிள்ளைகளின் வீட்டில் கிழிவது மேல். ஆளுக்கு இரண்டு கொடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஊர்ப்புற நூலகம் இருந்தால் கடைசி வாரத்தில் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று நூலகரிடம் முகம் காட்டிவிடுங்கள், பிறகு அவர்களே போவார்கள்.

எழுதுவதற்கு ஒரு சிறு நோட்டுப் போதும். அதில் எழுத வேண்டியவை: ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள், வந்தபோது மணி என்ன, தண்ணீர் என்ன நிறம், எந்த வயலில் முதலில் நாற்றங்கால் விட்டார்கள், என்ன நெல். பாட்டி காலத்தில் விளைந்த நெல்லின் பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்லலாம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று பாட்டிகள் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒரு சந்தைக்கோ மளிகைக் கடைக்கோ போய்வந்த கணக்கு ஒன்று இருந்தால் கணிதமும் ஆயிற்று. ஜூனில் இந்த நோட்டுகளை ஒன்றுசேர்த்தால் நான்காம், ஐந்தாம் வகுப்பு அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சில வாரங்களுக்கான பாடம் நம் கையில் இருக்கும், வேறெந்த ஊர்ப் பள்ளியிலும் கிடைக்காத பாடம்.

எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு அருகிலுள்ள இடங்களையே சொல்லுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், பகலில் கல்தரையில் கால் வைக்க முடியாது. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும் கடற்காற்றும் மாலைக்கு ஏற்றவை. கோடியக்கரைக்கு மே மாதத்தில் பறவை பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். வலசை வரும் பூநாரைகள் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிரிலும்தான் கூட்டமாக இருக்கும். வெளிமான்களை எப்போதும் பார்க்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே கூட்டிச்செல்லாமல் இருப்பதே நல்லது.

பள்ளியைப் பூட்டும் முன்

கடைசி வேலை நாளன்று அவசரத்தில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பதிவேடுகள் தரையிலிருந்து உயரமாக, கறையான் ஏறாத இரும்பு அலமாரியில் இருக்கட்டும். ஸ்மார்ட் வகுப்பறைச் சாதனங்களைத் தளவாடப் பதிவேட்டோடு சரிபார்த்துக் கையெழுத்திட்டுப் பூட்டுங்கள். மாறுதல் கலந்தாய்வு கோடையில் வந்தால், பொறுப்பை ஒப்படைக்கும்போது இந்த ஒரு பக்கமே உங்களைக் காப்பாற்றும். மின் இணைப்பின் மெயினை அணைத்து, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து மூடுங்கள். மீந்த சத்துணவு அரிசியை அமைப்பாளர் கணக்கிட்டுப் பத்திரப்படுத்தினாரா என்று கேளுங்கள்.

மைதானத்தில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயவைக்கவோ வைக்கோல் போர் போடவோ ஊரார் கேட்பார்கள். உளுந்து இரண்டு நாளில் போய்விடும், அதற்குத் தலைமையாசிரியர் சம்மதித்தால் பகையில்லாமல் முடியும். வைக்கோல் போருக்குச் சம்மதிக்காதீர்கள். தீ ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். தாழ்வாரத்திலும் கூரையிலும் விரிசல் இருந்தால் இப்போதே படமெடுத்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஐப்பசி மழையில் ஒழுகும்போது எழுதினால் பழுதுபார்க்க ஆள் கிடைக்காது. புயல் நேரத்தில் ஊர் மக்கள் வந்து தங்குவதும் இந்தக் கட்டடத்தில்தான்.

ஜூனில்

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே போய்ப் புதரை வெட்டி, தொட்டியைக் கழுவி, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பாடநூலும் சீருடையும் வந்தவுடன் எண்ணி வாங்கி, முதல் நாளே பிள்ளைகளின் கையில் சேருங்கள். வருகையைக் கூப்பிட்டு முடித்ததும் வராதவர்களின் பெயரை எழுதி, அன்று மாலையே அந்த வீடுகளுக்குப் போய்வாருங்கள்.

இரண்டாம் வாரத்தில் பிப்ரவரியில் எழுதிய ஐந்தாம் வகுப்பு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள பள்ளிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பிள்ளை வந்ததா, எமிஸில் பெயரை எடுத்துக்கொண்டார்களா என்ற இரண்டே கேள்விகள். பெயர் ஏறியிருந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். ஏறாத பெயர் இருந்தால் முதலில் வீட்டுக்கும், குடும்பம் வெளியூரில் இருந்தால் ஏப்ரலில் வாங்கிய உறவினர் எண்ணுக்கும் பேசுங்கள். அங்கேயே தங்கப்போகிறார்கள் என்றால், அந்த ஊர் அரசுப் பள்ளியின் பெயரையும், மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்கும் பதில் கிடைக்காவிட்டால், பெயர், வயது, கடைசியாகத் தெரிந்த முகவரி ஆகியவற்றை எழுதி, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பைப் பார்க்கும் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநரிடம் அந்த வாரத்திலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.